டீச்சருக்குக் குரல் கொடுத்தவர்

டிராயிங் டீச்சரின் தொண்டைக்குள் சின்ன விளக்கை அடித்துப் பார்த்த டாக்டர், "ஒரு வாரம் வாயைத் திறக்கக் கூடாது" என்றார். "சாப்பிட மட்டும் திறக்கலாம். பேச்சு கிடையாது. கிசுகிசுன்னு பேசலாமான்னு கேட்பீங்க. அது இன்னும் மோசம்."

டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். டாக்டர் விரலை நீட்டி எச்சரித்தார். டீச்சர் வாயை மூடிக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவரைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று அவருக்குச் சட்டென்று புரிந்தது. விடிந்தால் வெள்ளிக்கிழமை. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டிய நாள்.

கணவருக்கும் அதே பள்ளியில்தான் வேலை. விளையாட்டு ஆசிரியர். பள்ளியில் பி.டி. சார் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். மைதானத்தின் இந்தக் கோடியில் அவர் குரல் கிளம்பினால், அந்தக் கோடியில் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பவன் நிமிர்ந்து நிற்பான். மனைவியின் வகுப்பு இரண்டாம் மாடியில், கடைசி அறையில். அங்கே அவர் ஏறிப் போனதே இல்லை. அவள் பாடம் நடத்தும் நேரத்தில் அவர் வெயிலில் நின்றுகொண்டிருப்பார். இருவருக்கும் பொதுவாக இருந்த ஒரே விஷயம், பரீட்சை நெருங்கினால் இருவருடைய பீரியடையும் கணக்கு வாத்தியார் வந்து அள்ளிக்கொண்டு போய்விடுவார் என்பதுதான். வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டின்போது மனைவி அன்றைக்கு வகுப்பில் நடந்ததைச் சொல்லுவாள். அவரும் "உம்" கொட்டுவார். எத்தனை "உம்" காதில் விழுந்த பிறகு வந்தது, எத்தனை சும்மா வந்தது என்று அவருக்கே தெரியாது.

டாக்டரிடமிருந்து நேராகப் பள்ளிக்குத்தான் போனார்கள். தலைமை ஆசிரியை டாக்டர் சீட்டைப் படித்துவிட்டு, "தள்ளி வெச்சுக்கலாமே டீச்சர். குரல் வந்ததும் போய்ட்டு வாங்க" என்றார்.

டீச்சர் வேகமாகத் தலையை ஆட்டி மறுத்தார். அருங்காட்சியகத்தில் சமகாலக் கலைக்கென்று புதிதாக ஒரு பகுதி திறந்திருந்தார்கள். பார்க்கப் பள்ளிக்கூடங்கள் எல்லாம் முட்டி மோதிக்கொண்டிருந்தன. இந்த வெள்ளியை விட்டால் அடுத்த வருஷம்தான். அதற்குள் இந்தப் பிள்ளைகள் ஏழாம் வகுப்புக்குப் போய்விடுவார்கள். ஏழாம் வகுப்புக்கு டிராயிங் கிடையாது.

"சரி, போறீங்க. யார் பேசறது?"

டீச்சர் கையை நீட்டி வாசலைக் காட்டினார். வாசலில் நின்றுகொண்டிருந்தவர் பி.டி. சார்.

"சாரா?" என்றார் தலைமை ஆசிரியை. "சார், உங்களுக்கு இந்த மாடர்ன் ஆர்ட் எல்லாம்..."

"எனக்கும் அதுக்கும் ஏழாம் பொருத்தம் மேடம்" என்று உள்ளதை உள்ளபடி சொன்னார் அவர்.

அது பொய்யில்லை. கல்யாணமான புதிதில் மனைவி ஒரு கண்காட்சிக்கு அழைத்துப் போனாள். முதல் அறையிலேயே கூரையிலிருந்து ஒரு நாற்காலியைத் தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தார்கள். அவர் அதை ஒரு முறை பார்த்துவிட்டு வெளியே வந்து, மனைவி திரும்பி வரும்வரை மரத்தடிப் பெஞ்சில் இருந்தார். "உட்காரறதுக்குன்னு இருந்தது ஒரே ஒரு நாற்காலி, அதையும் தலைகீழாக் கட்டிட்டாங்க" என்று சிநேகிதர்களிடம் பல வருஷம் சொல்லிச் சிரித்திருக்கிறார். மனைவியும் கூடச் சேர்ந்து சிரித்தாள். ஆனால் அதற்கப்புறம் அவரைக் கூப்பிட்டதில்லை.

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் ஒத்திகை நடந்தது. டீச்சர் ஆள்காட்டி விரலைக் கண் ஓரத்தில் வைத்தால், "இன்னும் பார்க்கச் சொல்லுங்கள்." கையைச் சக்கரம் போலச் சுற்றினால், "திரும்பக் கேளுங்கள்." உள்ளங்கையைக் கீழ் நோக்கி அழுத்தினால், "நீங்கள் பேசாதீர்கள்." உதட்டின்மேல் விரல் வைத்தால் அதுவும், "நீங்கள் பேசாதீர்கள்."

"நான் பேசறதுக்குன்னு வர்றேன். பேசாதேன்னு சொல்றதுக்கு மட்டும் ரெண்டு சைகையா?" என்றார் சார்.

டீச்சர் செல்போனில் தட்டிக் காட்டினார்: "பதில் சொல்லாதீங்க. கேளுங்க. அவ்வளவுதான்."

"பதிலே தெரியாதவனுக்கு இதுல என்ன கஷ்டம்" என்று தைரியமாகச் சொல்லிவிட்டு அவர் கை கழுவப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸை விட்டு இறங்கியதும் பிள்ளைகள் அண்ணாந்து பார்த்தார்கள். பழைய கட்டடத்தோடு ஒட்டியபடி வெள்ளைச் சுவரும் உயரமான கண்ணாடியுமாகப் புதுப் பகுதி நின்றது. உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. பைகளை வாங்கி அடுக்கிவிட்டு, கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய ஒரு இளம்பெண் முன்னால் வந்தாள். சட்டைக் காலரில் சின்ன மைக் வேறு.

"வாங்க வாங்க. நான்தான் உங்களுக்குச் சுத்திக் காட்டப் போறேன்."

டீச்சர் சிரித்துக்கொண்டே தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். பிறகு கணவரைக் காட்டினார்.

"டீச்சரால பேச முடியாதும்மா. அவங்களுக்குப் பதிலா நான் பேசுவேன். நீங்க தாராளமாக் கூட வாங்க. ஆனா எதையும் விளக்க வேண்டாம்னு சொல்றாங்க."

"அப்ப நான் எதுக்கு சார்?"

"நேத்துலேர்ந்து நானும் அதையேதான் கேட்டுக்கிட்டிருக்கேன்."

வழிகாட்டிப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மைக்கை அணைத்தாள். இருந்தாலும் எதையும் தொடக் கூடாது என்பதை மட்டும் சொல்ல வேண்டும் என்றாள். அதற்கு சார் ஒரு வழி வைத்திருந்தார். "ஸ்டாண்ட் அட் ஈஸ்" என்றார், மைதானக் குரலை முக்கால்வாசி அடக்கி. அத்தனை பிள்ளைகளின் கைகளும் ஒரே நேரத்தில் முதுகுக்குப் பின்னால் போய்க் கோத்துக்கொண்டன. "இப்படியே நடக்கணும். புரிஞ்சுதா?"

"இதை வர்ற எல்லா ஸ்கூலுக்கும் சொல்லிக் குடுத்துட்டுப் போங்க சார்" என்றாள் அந்தப் பெண்.

முதல் அறையில் ஒரே ஒரு ஓவியம்தான். சுவர் அளவு துணியில் முழுக்கச் சாம்பல் நிறம். அதில் உருவம் இல்லை, கோடு இல்லை. டீச்சர் அதன் முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பிள்ளைகளும் உட்கார்ந்தார்கள். யாரும் பேசவில்லை. சாருக்கு இது புதிது. ஆறாம் வகுப்பு இவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டிருந்து அவர் பார்த்ததில்லை. அவருக்கே என்னவோ செய்தது. எதையாவது செய்தால் தேவலை போலிருந்தது. ஓவியத்தின் பக்கத்தில் ஒட்டியிருந்த அட்டையைப் போய்ப் படித்தார். "தலைப்பு இல்லை" என்று அதில் தலைப்புப் போட்டிருந்தது.

"மழை மேகம்னு நினைக்கிறேன்" என்றார் பிள்ளைகளைப் பார்த்து.

"ஆமா சார், மேகம்" என்றது வகுப்பு மொத்தமாக. அவ்வளவுதான். வேலை முடிந்தது என்பது போலப் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். இன்னும் சிலர் அடுத்த அறையை எட்டிப் பார்த்தார்கள்.

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். சைகை எதுவும் செய்யவில்லை. செய்யாமலே சாருக்கு உறைத்தது. மைதானத்தில் ஓட்டம் தொடங்கும் முன்பே யாரோ முடிவுக் கோட்டை இழுத்துக் கொண்டுவந்து காலடியில் போட்டது போல ஆகிவிட்டது. போட்டவர் அவரேதான்.

"எல்லாரும் உக்காருங்க" என்றார். "நான் சொன்னதை மறந்துடுங்க. நான் சும்மா சொன்னேன்."

வகுப்பில் எதையும் விடாமல் வர்ணித்துக்கொண்டே இருக்கும் ஒரு பையன் உண்டு. அவனுக்குக் கமெண்டரி என்று பெயர். "மறக்க முடியலை சார்" என்றான் அவன் வருத்தமாக. "இப்ப எப்படிப் பாத்தாலும் மேகமாத்தான் தெரியுது."

டீச்சர் எழுந்தார். தரையில் போட்டிருந்த கோட்டைத் தாண்டாமல் ஓவியத்தின் ஓரத்துக்குப் போய், கன்னத்தைச் சுவர்ப் பக்கம் சாய்த்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பக்கவாட்டில் பார்த்தார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு பரவியது. ஏதோ கிடைத்துவிட்ட ஆள் போல. திரும்பி யாரையும் கூப்பிடவில்லை. அதற்கு அவசியமும் இருக்கவில்லை. அந்தச் சிரிப்பைப் பார்த்த அடுத்த நிமிஷம் பிள்ளைகள் அவருக்குப் பின்னால் வரிசை கட்டிவிட்டார்கள்.

"என்ன தெரியுது?" என்று கேட்டார் சார்.

"வரி வரியா இருக்கு சார். சீப்பால வாரின மாதிரி."

"அடியில சிவப்பு இருக்கு."

"சார், பக்கத்து ஓரத்தைப் பாருங்க. பச்சை, மஞ்சள் எல்லாம் வழிஞ்சிருக்கு."

அவரும் வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் கன்னத்தைச் சாய்த்துப் பார்த்தார். உண்மைதான். துணியை இழுத்து ஆணி அடித்திருந்த ஓரத்தில் எல்லா நிறமும் வழிந்து காய்ந்திருந்தது. எத்தனையோ நிறங்களைப் பூசி, அதன்மேல் சாம்பலை ஏற்றியிருக்கிறார்கள். நேரே நின்று பார்த்தால் ஒரு துளி தெரியவில்லை.

"அவ்வளவு கலர் அடிச்சுட்டு எதுக்கு மூடினாங்க?" என்றார். இதைக் கேட்கும்போது அவர் டீச்சரைப் பார்க்கவே இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்டார்.

"பிடிக்கலையோ என்னவோ."

"ஒளிச்சு வெச்சிருக்காங்க."

வகுப்பில் எந்நேரமும் வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பதால் ஜன்னல் என்று பெயர் வாங்கிய ஒரு பெண் இருந்தாள். அவள் கை தூக்கினாள். "மூடலை சார். தூங்க வெச்சிருக்காங்க."

நாலைந்து பேர் சிரித்தார்கள். சார் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் கையைச் சக்கரமாகச் சுற்றினார்.

"எதை வெச்சும்மா அப்படிச் சொல்ற?"

"மூடணும்னா ஓரத்தையும் சேத்து மூடியிருப்பாங்கல்ல. ஓரத்தை விட்டிருக்காங்க. போர்வைக்கு வெளியில கால் தெரியற மாதிரி."

சிரித்தவர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டு மறுபடி ஓரத்தைப் பார்க்கப் போனார்கள். வழிகாட்டிப் பெண் சாரின் பக்கத்தில் வந்து மெதுவாக, "தினமும் இந்த அறைக்கு வர்றேன் சார். இனிமே எனக்கும் இது தூங்கத்தான் போகுது" என்றாள்.

அடுத்த அறையில் ஒரு முழுச் சமையலறை இருந்தது. அடுப்பு, குழாய், பாத்திரங்கள், கரண்டி, மாட்டியிருந்த துண்டு எல்லாமே வெள்ளைக் காகிதத்தில் மடித்துச் செய்தவை. நிஜ அளவு. குழாயின் நுனியில் ஒரு காகிதச் சொட்டு விழப் போகிற மாதிரி நின்றது. பிள்ளைகளின் கைகள் முதுகுக்குப் பின்னால் துடித்தன. ஆனால் பிரியவில்லை. டீச்சர் ஒவ்வொருவர் தோளையும் தொட்டு, ஆளுக்கு ஒரு பொருளின் முன்னால் நிறுத்தினார். பிறகு ஒவ்வொரு பிள்ளையிடமும் போனார்.

சார் கொஞ்சம் ஒதுங்கி நின்று அதைப் பார்த்தார். டீச்சர் முட்டி போட்டு, பிள்ளையின் உயரத்துக்கு இறங்கினார். பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை. பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த பாத்திரத்தைப் பார்த்தார். ஒரு பிள்ளையைப் போல, ஆர்வமாக, நேரம் போவது தெரியாமல். அது போதுமாயிருந்தது. பிள்ளை தானாகப் பேச ஆரம்பித்தது. வகுப்பில் கேட்ட கேள்விக்கே வாய் திறக்காத ஒருவன், தீப்பெட்டியின் முன்னால் மூச்சுவிடாமல் பேசினான். "உரசின குச்சி ஒண்ணு தனியாக் கிடக்கு டீச்சர். நுனியில மட்டும் பென்சில்ல கறுப்பு அடிச்சிருக்காங்க. பாத்திரத்து மூடி பாதிதான் மூடியிருக்கு. யாரோ பக்கத்துல போயிருக்காங்க. இப்ப வந்துருவாங்க." டீச்சர் அவன் சொன்ன மூடியைப் பார்த்தார். உண்மையாகவே யாரோ வரப்போகிறார்கள் என்பது போல அறை வாசலையும் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். அவன் முகம் பூரித்துப் போனது.

இவ்வளவு வருஷமாக ராத்திரி ராத்திரி எதற்கு "உம்" கொட்டினோம் என்று சாருக்கு இப்போதுதான் தெரிந்தது. அவருக்குத் தெரிந்த நல்ல பயிற்சியாளர்கள் இரண்டு மூன்று பேர் உண்டு. கத்தாமல், தள்ளாமல், கூடவே ஓடி ஒரு பிள்ளையை வேகமெடுக்க வைக்கிறவர்கள். அந்த வித்தை தனக்கு அரைகுறையாகத்தான் வரும் என்பதும் அவருக்குத் தெரியும். அது முழுசாக வரும் ஆள் தன் வீட்டிலேயே இருக்கிறார் என்பது மட்டும் தெரியாமல் இருந்துவிட்டது.

அடுப்பிலிருந்து சுவருக்குப் போன ரப்பர்க் குழாயும் காகிதம்தான். விசிறி மடிப்பு மடிப்பாக, வளைய வேண்டிய இடத்தில் வளைந்து போனது. அவர் குனிந்து அதைக் கடைசி மடிப்பு வரை பார்த்தார். "எப்பேர்ப்பட்ட கையா இருக்கணும்" என்றார் வாய்விட்டு. யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற கமெண்டரி, "பொறுமையான கை சார்" என்று பதில் சொன்னான்.

மூன்றாவது அறை இருட்டாக இருந்தது. ஒரு பெரிய திரை மட்டும் வெளிச்சமாக இருந்தது. அதில் ஒரு பெண் கூட்டமான தெரு ஒன்றில் பின்னோக்கி நடந்துகொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. நடந்துகொண்டே இருந்தாள். வேறொன்றும் நடக்கவில்லை. பிள்ளைகள் நெளிய ஆரம்பித்தார்கள். "எப்ப சார் முடியும்?" என்றது ஒரு குரல். இருட்டில் யாரோ யாரையோ கிள்ளினார்கள்.

அந்த நேரம் பார்த்து டீச்சருக்கு இருமல் வந்தது. சாதாரண இருமல் இல்லை, நிற்காத இருமல். வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, அவர் வெளியே ஓடினார். தண்ணீர் கொடுக்க வழிகாட்டிப் பெண்ணும் பின்னாலேயே போனாள்.

சார் தனியாக நின்றார். விரல் காட்ட ஆள் இல்லை. பத்துப் பன்னிரண்டு பேர் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன தெரியுது?" என்று கேட்டார்.

"ஒரு அம்மா பின்னாடி நடக்கறாங்க. அவ்வளவுதான் சார்."

அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க அவர் கால் ஒரு அடி எடுத்து வைத்தது. பிறகு வேண்டாம் என்று நின்றுவிட்டார். திரையைப் பார்த்தார். இத்தனை நேரம் பிள்ளைகளை அடக்கிக்கொண்டிருந்ததில் அவரே அதைச் சரியாகப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணின் பாதத்தைப் பார்த்தார். முதலில் விரல் நுனி தரையைத் தொட்டது, தடவிப் பார்ப்பது போல. அப்புறம்தான் குதிகால் இறங்கியது. கழுத்து அசையவில்லை. தோள் இறுகவில்லை. அவளைக் கடந்து போனவர்கள் அவள் பார்வையில் சிறுத்துக்கொண்டே போனார்கள். முதுகுக்குப் பின்னால் வருகிறவர்கள் தாமாக விலகினார்கள். இப்படி ஒரு தெரு நீளம் நடப்பது லேசுப்பட்ட காரியமில்லை என்று அவருக்குத் தெரியும். விளையாட்டு வீரர்களையே பின்னோக்கி ஓடவிட்டால் பத்தடியில் திரும்பிப் பார்த்துவிடுவார்கள்.

"எல்லாரும் வெளியில வாங்க" என்றார்.

அறைக்கு வெளியே நீளமான ஒரு வெற்று நடைபாதை. சுவரில் எதுவும் மாட்டவில்லை. தண்ணீர் டம்ளரோடு வழிகாட்டிப் பெண் எதிரே வந்தாள். "இங்க கொஞ்சம் நடக்க விடலாமாம்மா? ஓட மாட்டாங்க. நடக்கத்தான் போறாங்க, பின்பக்கமா" என்றார் சார். அவள் நடைபாதையின் இரண்டு பக்கமும் பார்த்தாள். மேலே இருந்த கேமராவைப் பார்த்தாள். "சுவர்ல மோதாம இருந்தாச் சரி" என்றாள்.

"இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரை. திரும்பிப் பாக்கக் கூடாது. பேசக் கூடாது. கையைத் தொங்க விட்டுக்கலாம்."

முதல் வரிசை கிளம்பியது. இரண்டு அடிக்குச் சிரிப்பு இருந்தது. மூன்றாவது அடியில் காணாமல் போனது. முதுகெல்லாம் விறைத்தது. கைகள் தாமாக அகன்றன. ஒருவன் நாலாவது அடியில் திரும்பிப் பார்த்துவிட்டு, தானாகவே பழைய இடத்துக்கு வந்து மறுபடி தொடங்கினான். ஜன்னல் கண்ணை மூடிக்கொண்டு நடந்தாள். கமெண்டரி ஒரு வார்த்தை பேசாமல் கோடி வரை போய்ச் சேர்ந்து, அங்கே சுவரில் முதுகு பட்டதும் பெருமூச்சு விட்டான். கடைசியில் சாரும் பிள்ளைகள் நின்ற கோடியிலிருந்து அதே மாதிரி நடந்தார். பிள்ளைகளின் முகங்கள் எல்லாம் தன்னை விட்டு மெதுவாகத் தள்ளிப் போவதைப் பார்த்துக்கொண்டே இந்தக் கோடிக்கு வந்து சேர்ந்தார்.

"சரி. இப்ப வந்து பாருங்க."

இந்தத் தடவை இருட்டறையில் கிள்ளல் சத்தம் கேட்கவில்லை.

"விரலை முதல்ல வெக்கறாங்க சார்."

"அவங்களுக்குப் பயமே இல்லை."

"பயம் இருக்கு. கையைப் பாரு. விரலெல்லாம் விரிச்சு வெச்சிருக்காங்க."

"பின்னாடி வர்றவங்க எல்லாம் வழி விடறாங்க. அவங்களுக்குத் தெரியவே தெரியாது, இத்தனை பேர் வழி விட்டாங்கன்னு."

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு பெண் பேசினாள். அந்த வருஷம் பாதியில் வந்து சேர்ந்தவள். வகுப்பில் அவளைப் புதுசு என்றுதான் கூப்பிட்டார்கள். சேர்ந்து எத்தனை மாதமாகியும் அந்தப் பெயர் போகவில்லை.

"நாங்க ஊர் மாறி வந்தப்ப லாரிக்குப் பின்னால சாமானோட உக்காந்து வந்தேன் சார். எங்க வீடு சின்னதாகிக்கிட்டே போச்சு. பக்கத்து வீட்டு அக்கா கை ஆட்டிக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் அவங்களும் சின்னதாயிட்டாங்க. எங்க போறோம்னு எனக்குத் தெரியலை. விட்டுட்டு வர்றது மட்டும்தான் தெரிஞ்சுது." கொஞ்சம் நிறுத்தினாள். "இந்த அம்மாவும் அப்படித்தான் போறாங்க."

திரையில் அந்தப் பெண் ஒரு தெருமுனையில் நின்றாள். சற்றுத் தயங்கினாள். பிறகு காலைப் பின்னால் வைத்து வீதியைக் கடந்தாள். பிள்ளைகளில் பாதிப் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

"நீ எந்தப் பக்கம் உக்காந்திருந்த, லாரில?" என்று புதுசைக் கேட்டாள் ஜன்னல்.

"மெத்தை மேல."

"நான் உன் பக்கத்துல வந்து உக்காரட்டுமா?"

இரண்டு பேரும் ஒட்டி உட்கார்ந்தார்கள். சார் கண்ணைத் துடைத்துக்கொள்ளலாமா என்று சுற்றிலும் பார்த்தார். அப்போதுதான் வாசலில் டீச்சர் நின்றிருப்பது தெரிந்தது. எப்போது வந்தார் என்று தெரியவில்லை. சக்கரம் சுற்றவில்லை, விரலை வைக்கவில்லை. இரண்டு கையையும் கட்டிக்கொண்டு கதவில் சாய்ந்து நின்று, சாம்பல் ஓவியத்தின் ஓரத்தில் கன்னம் சாய்த்து நின்றபோது பார்த்த அதே பார்வையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது திரையின் மேல் இல்லை. தன்மேல் என்று புரிந்ததும் சாருக்குக் காது சூடாகிவிட்டது. அவசரமாகத் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸில் அவர் வாய் ஓயவில்லை. காகிதக் குழாயின் மடிப்பைப் பற்றிச் சொன்னார். தெருமுனையில் அந்தப் பெண் ஏன் தயங்கினாள் என்று தனக்குத் தோன்றியதைச் சொன்னார். அடுத்த வாரம் மைதானத்தில் எல்லா வகுப்பையும் பின்னோக்கி நடக்கவிடப் போவதாகச் சொன்னார். டீச்சர் உள்ளங்கையைக் கீழ் நோக்கி அழுத்தினார். உதட்டின்மேல் விரல் வைத்தார். இரண்டும் பலிக்கவில்லை. கடைசியில் தன் கையாலேயே அவர் வாயைப் பொத்தினார். பின்சீட்டில் இருந்த பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள்.

கை எடுத்ததும் சார் கேட்டார்: "மாடியில ஒரு அறை இருந்துதே. நேரமில்லைன்னு விட்டுட்டோம். நாளைக்கு லீவுதானே. நாம ரெண்டு பேரும் போய்ட்டு வருவோமா?"

டீச்சர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு செல்போனை எடுத்து ஏதோ தட்டப் போனவர், தட்டாமலே உள்ளே வைத்துவிட்டுச் சரி என்று தலையை ஆட்டினார்.

சனிக்கிழமை அந்த மாடி அறையில் கூட்டம் இல்லை. அறை முழுக்க நீல நூல். ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவர் வரை, மார்பு உயரத்தில், ஆயிரக்கணக்கான நூல்களை நெருக்கமாக இழுத்துக் கட்டியிருந்தார்கள். உள்ளே போக வேண்டுமானால் குனிந்து அதற்கு அடியில்தான் போக வேண்டும். சார் முதலில் குனிந்தார். முதுகு இடிக்கும் போலிருந்தது. முட்டி போட்டார். பிறகு கைகளையும் ஊன்றிக் குழந்தை போலத் தவழ்ந்தார். மனைவி அவருக்கு முன்னால் சரசரவென்று போய் எங்கோ மறைந்துவிட்டாள். தலைக்கு மேலே நீல வெளிச்சம். ஆங்காங்கே நூல்களுக்கு நடுவில் ஒரு ஆள் நுழையும் அளவுக்கு வட்டமான இடைவெளிகள் விட்டிருந்தார்கள்.

ஒரு வட்டத்தின் அடியில் போய் அவர் மெல்ல எழுந்து நின்றார். தலையும் தோளும் வெளியே வந்தன. அவரைச் சுற்றி நாலாபுறமும் நீலம் விரிந்து கிடந்தது. ஜன்னல் காற்றுக்கு அது அலை அலையாக நடுங்கியது. வேறு எதுவும் இல்லை. அவர் பார்த்துக்கொண்டு நின்றார். ரொம்ப நேரம் நின்றார். கொஞ்ச தூரத்தில் இன்னொரு வட்டத்திலிருந்து மனைவியின் தலை எழுந்தது. கொண்டை கலைந்திருந்தது. அவரைப் பார்த்ததும் அவள் சத்தமே வராமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அவரும் சிரித்தார். அவள் பக்கம் போகலாம் என்று குனிந்து தவழ்ந்து எழுந்தால், அவள் அங்கே இல்லை. வேறொரு வட்டத்தில் இருந்தாள். மறுபடி குனிந்தார்.

மூன்றாம் முறை அவர் எழுந்தபோது, அவருக்கும் மனைவிக்கும் நடுவில் முன்பின் தெரியாத ஒரு பெரியவரின் வழுக்கைத் தலை நீலத்திலிருந்து மேலே வந்தது. அவர் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார்.

"வணக்கம்" என்றார் மரியாதையாக.

"வணக்கம் ஐயா" என்றார் பி.டி. சார். "நல்லா நின்னு பாருங்க. அவசரமே இல்லை."